மண்ணைக் கொட்டச் சொன்ன மெம்பர்

வார்டு மெம்பர் மயிலாத்தாள் இறந்துவிட்டார் என்று பஞ்சாயத்து ஆபீசிலிருந்து போன் வந்தபோது, மறுநாள் கிராமசபையில் அவரை எப்படி மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. இனி யாரோடு சண்டை போடுவது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு தோட்டத்து வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கேரள எல்லையிலிருக்கும் எங்கள் வடகரப்பதிக்காரர்களுக்கு எங்கள் சங்கதி தெரியும். தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்றவன் நான். டீக்கடையில் என்னைக் கண்டால், "ஏனுங்க, இன்னைக்கு என்ன குத்தம் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டபடியேதான் உட்காருவார். எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்.

கொரோனா வந்ததும் கோயமுத்தூர் போகும் எங்கள் ஊர் ரோட்டில் மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். அடைக்கச் சொல்லி அதிகாரிகளிடம் அலைந்தவர் அவர்தான். வயசாளிகள் நிறைந்த வார்டு, அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் என் மனைவிக்கு வாரம் இரண்டு முறை கோயமுத்தூரில் டயாலிசிஸ். பாலக்காட்டில் கேட்டோம், இடமில்லை. வாளையார் செக்போஸ்ட் வழியாகச் சுற்றிப் போக பாஸ் கேட்டோம், நாளாகும் என்றார்கள். ஒரு முறை தவறியதற்கே அவள் முகம் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்தது.

மெம்பர் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "உங்க மண்ணு எம்பொண்டாட்டியக் கொல்லப் போகுது." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

மண்மேட்டருகே நின்ற போலீஸ்காரர், "யாரையும் விடக்கூடாதுன்னு ஆர்டர் சேச்சி" என்றார்.

"உசுரக் காப்பாத்தத்தானுங்க அந்த ஆர்டரே. கேசு போடறதுன்னா எம்மேல போடுங்க" என்றார் மெம்பர். போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் நானும் பின்னால் அவருமாகத் தூக்கினோம். பாதி ஏறும்போது மண் சரிந்து மெம்பர் முட்டிபோட்டு விழுந்தார். நாற்காலியை மட்டும் விடவில்லை.

"கொட்டச் சொன்னவளும் நாந்தான், தூக்கறவளும் நாந்தான். என்ன பொழப்புங்க இது" என்றார். அந்த நிலையிலும் என் மனைவி சிரித்துவிட்டாள். மேட்டுக்கு அந்தப்புறம் ஆட்டோ காத்திருந்தது.

திரும்பி வந்ததும் எங்கள் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸை ஒட்டியவரும் அவரே. "பால் வாங்கக்கூட வெளிய வரப்படாதுங்க. வந்தீங்கன்னா நானே போலீசுக்குச் சொல்லிருவேன்." சொல்லக்கூடியவர்தான். பாலையும் அரிசியையும் அவரே கொண்டுவந்து கேட்டருகே வைத்துவிட்டுப் போவார். ரோடு திறக்கும் வரை ஒவ்வொரு முறையும் எங்களைத் தூக்கி அனுப்பியதும் அவர்தான், திரும்பியதும் வீட்டுக்குள் அடைத்ததும் அவர்தான்.

அரசாங்கத்தைத் திட்ட எனக்கு இன்றும் ஆயிரம் காரணம் உண்டு. எதிர்வாதம் செய்யத்தான் ஆளில்லை. டீக்கடையில் அவர் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் எரிச்சல் வருகிறது. ஒரே ஒரு நாள் வந்து என் வாயை அடைத்துவிட்டுப் போகமாட்டாரா என்று மனசு கிடந்து ஏங்குகிறது.

அவர் நினைவாக என்ன இருக்கிறது என்று இரங்கல் கூட்டத்தில் கேட்டார்கள். சேர்ந்து எடுத்த போட்டோகூட இல்லை என்றேன். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிடுகிறாள். "சோறு ஆறுதுங்க, எழுதுனது போதும்." மயிலாத்தாள் எனக்கு விட்டுப்போனது இந்தக் குரல்தான்.