மாமா செய்த காவல் லோஞ்சு

என் அலுமாரியின் மேல் மூன்றடி நீளத்தில் ஒரு படகு இருக்கிறது. சாம்பல் நிறப் பூச்சு, பித்தளைக் கம்பியில் கைப்பிடி வேலி, சுக்கான் பிடிப்பவர் நிற்கச் சின்னதாய் ஒரு கூண்டு, அதற்கு முன்னால் மேல்தட்டில் பீரங்கி மாதிரி ஒரு துவக்கு. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் அதை இறக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள், அவ்வளவு அழகாய் இருந்தால்? நான் கொடுப்பதில்லை. என் கணவரைக் கொண்டுபோன படகின் உருவத்தை விளையாடக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அதைச் செய்தவர் மாமா. என் அம்மாவின் அண்ணன், பிறகு என் கணவரின் தகப்பன் என்ற முறையில் இரட்டை மாமா. வடமராட்சியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியாராக இருந்தார். பென்சில் முனை மழுங்கியிருந்தால் பிள்ளையைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று ஊரில் பகிடி சொல்வார்கள். "கண்ணாலை காணாததை வரையக்கூடாது" என்பது அவர் வாயில் எந்த நேரமும் இருக்கும் பேச்சு. மற்றவர்கள் கற்பனையில் யானை வரைந்து பரிசு வாங்கிய காலத்தில், மாமாவின் வகுப்புப் பிள்ளைகள் வேலியில் நின்ற கிளுவைக் கொப்பைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். அவரிடம் ஒரு பொய்யான கோடு கிடையாது. அந்த நேர்மையை நான் ஒரு காலத்தில் கும்பிட்டேன்.

என் கணவர் அரசாங்கக் கடற்காவல் படகில் சுக்கான் பிடிப்பவராக இருந்தார். ஊரில் அதைக் காவல் லோஞ்சு என்போம். கள்ளச் சாமான் ஏற்றி வரும் வள்ளங்களை மறிப்பதுதான் அதன் வேலை. யுத்தம் தொடங்கி யப்பான்காரன் வருவான் என்ற பயம் பிடித்ததும், கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து அதன் மேல்தட்டில் ஒரு பெரிய துவக்கைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் என்னிடம், "துவக்கை ஏத்தினாப் பிறகு லோஞ்சு குடிச்ச வெறிகாரன் மாதிரி ஆடுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

வாடைக்காற்றுத் தொடங்கிய நாட்களில் லோஞ்சு கவிழ்ந்தது. அவரும் கூடப் போன ஒரு பெடியனும் போய்விட்டார்கள். இயந்திரம் ஓட்டியவர் மட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு கரைசேர்ந்தார். பெடியனின் உடல் ஒதுங்கியது. அவருடையது கிடைக்கவே இல்லை. விசாரணைக்கு வந்த துரைமார் இயந்திரக்காரரைக் கேட்டுவிட்டு, சுக்கானைச் சட்டென்று வெட்டித் திருப்பியதால் வந்த வினை என்று முடித்தார்கள். துவக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு உயிருக்கும் சுக்கான் பிடித்த என் கணவரே பொறுப்பு என்றாகிவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு, துவக்கைப் பற்றி என் கணவர் சொன்னதை நான் மாமாவிடம் சொன்னேன். அடுத்த நாளே மாமா முள்முருக்கங் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டுச் செதுக்கத் தொடங்கினார். அடிக்கு ஒரு அங்குலம் என்பது கணக்கு. இறங்குதுறையில் கட்டிக் கிடந்த நாட்களில் அந்த லோஞ்சை அவர் எத்தனையோ கோணத்தில் வரைந்து வைத்திருந்தார். ஏறிப் பார்க்க வெளியாட்களை விடமாட்டார்கள். முழுக்கட்டையில் செய்த படகு தண்ணீரில் தக்கை போல உயர்ந்து மிதந்தது. மாமா அடிப்பக்கத்தில் நெடுக ஒரு தவாளிப்பு எடுத்து, வலைக்குக் கட்டும் ஈயத்தை உருக்கி ஊற்றினார். உண்மை லோஞ்சில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றதோ, மயிரிழை பிசகாமல் அந்த மட்டத்துக்கு அது இறங்கியது. மாமி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அப்படியே அச்சாய் இருந்தது.

பிறகு வளவின் பின்பக்கத்துக் கேணியில் சோதனை. துவக்கு ஏறிய லோஞ்சு சுக்கானைத் திருப்பாமலே கவிழும் என்று காட்டிவிட்டால் போதும், என் மனிதரின் பெயர் மீளும். நான் பலகையால் அலை அடிப்பேன். மாமா படகில் கட்டிய நூலைப் பிடித்து இழுப்பார். படகு சாய்ந்தது, எழுந்தது. துவக்கின் பாரத்தைக் கூட்டினோம். அப்போதும் சாய்ந்தது, எழுந்தது. கை சோரும்வரை அடித்தேன். கவிழ்ந்து துலை என்று நான் அதைத் திட்டியது மாமாவின் காதில் விழுந்திருக்கும். கடைசியில் மாமா சுக்கானை ஒரு பக்கம் முழுக்க வெட்டித் திருப்பி வைத்து, நூலை வெடுக்கென்று இழுத்தார். படகு குறுக்கே திரும்பிப் படுத்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு முறையும் படுத்தது.

"துவக்கு ஏறினாப் பிறகு ஆடுது எண்டு அவர் சொன்னவர், மாமா" என்றேன்.

"சொன்னவன்தான், பிள்ளை. ஆனா நான் கண்ணாலை கண்டிட்டன்."

மாமா கோட்டைப் போட்டு, தலைப்பாகை கட்டி, அந்தப் பெடியனின் தாய் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அந்தத் தாய் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செத்தவீட்டுக்குப் பிறகும் எங்களோடு முகம் கொடுத்துக் கதைத்த மனுசி அவள். மாமா கைகூப்பி நின்று, "பிழை என்ரை மோனிலைதான். நான் செய்து பாத்திட்டன். எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

அவள் மிளகாயை விட்டுவிட்டு எழுந்தாள். "ஆர் என்ன சொன்னாலும் கடல்தான் கொண்டுபோனதெண்டு மனசைத் தேத்திக்கொண்டிருந்தன், வாத்தியார். ஏன் வந்து சொன்னனீங்கள்?" என்றாள். அதன்பிறகு எங்கள் வாசலை அவள் மிதிக்கவில்லை. கோயிலில் கண்டாலும் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

மாமா பிறகு பென்சிலைத் தொடவில்லை. மகனின் பெயரையும் சொல்லவில்லை. திவசத்தன்று ஐயர் பெயர் கேட்டால் மாமிதான் சொல்வாள். யுத்தம் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். தன் பிள்ளை இன்னொருத்தியின் பிள்ளையைக் கொன்றான் என்ற நினைப்போடுதான் கண்ணை மூடினார்.

போன மாதம் என் தமையன் மகன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். துறைமுகத்தில் எஞ்சினியர். என்னைக் கேட்காமலே படகை இறக்கி, புரட்டிப் பார்த்தான்.

"ஏன் மாமி, ஈயம் முழுக்க அடியிலை?"

"தண்ணி மட்டத்துக்கு இறக்க வேணுமெல்லே."

"உண்மை லோஞ்சிலை பாரம் இப்பிடி அடியிலையே இருந்திருக்கும்? எஞ்சின், எண்ணெய், ஆக்கள் எல்லாம் எவ்வளவு மேலை! இந்தளவு ஈயத்தை அடியிலை வைச்சா, என்ன துவக்கை ஏத்தினாலும் எழும்பித்தான் நிக்கும்."

"அப்ப அவரிலை பிழையில்லையே?" என்று கேட்டேன்.

அவன் நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாதவன். எங்கள் குடும்பத்துக்கு அந்த வியாதி உண்டு. "அது ஆருக்குத் தெரியும், மாமி? இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது" என்றான்.

அவ்வளவுதான். ஒன்றும் சொல்ல முடியாத ஒரு கட்டையை நம்பித்தான் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொன்னார். வெளியே கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் அப்படியே செய்தவர், உள்ளே காணாததை ஈயத்தால் நிரப்பினார். துரைமாரின் தீர்ப்பை ஊர் முழுதாக நம்பியிருக்காது. துரைமார் பேச்சு அப்படித்தான் என்று விட்டிருக்கும். வாத்தியார் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். என் மனிதரைப் பற்றிக் கடைசியாகச் சொல்லப்பட்டது அவருடைய தகப்பனின் சொல். அதைத் திருப்பி எடுக்க மாமா இல்லை. கேட்டுக்கொள்ள மாமி இல்லை. மிளகாய் காயவிட்ட முற்றத்தில் இன்று வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவர்களிடம் போய், அந்தக் காலத்தில் ஒரு லோஞ்சு இருந்தது என்று நான் எங்கேயிருந்து தொடங்குவேன்?