கட்டில் கம்பியில் சிவப்பு ரிப்பன்

கட்டிலில் சிவப்பு ரிப்பன் கட்டினால் அந்த ஆளை டாக்டர்கள் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம். நான் அப்படித்தான் நம்பினேன். எனக்கு ஐம்பத்தோரு வயது, ஊரில் ஒருத்தரையும் விடாமல் கேலி பண்ணுகிற வாய் வேறு.

தலைசுற்றல் என்று புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். காலையில் நர்ஸம்மா வந்து கட்டில் கம்பியில் ரிப்பனைக் கட்டினார்.

"இது புதுசு சார். நாங்களே யோசிச்சது. ஒரு மாசம் செஞ்சு பாருங்கன்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு."

எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாரே என்று பயம். வார்டில் எனக்கும் எதிர்வரிசையில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவருக்கும் மட்டும்தான் ரிப்பன். அவரைப் பார்த்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

கீரனூர் மச்சானுக்கு போன் போட்டேன். "பத்திரம் பூராம் பீரோ மேத்தட்டுல இருக்கு மச்சான்."

"இருந்துட்டுப் போகுது மாப்ள. மத்தியானம் ஒனக்குச் சோறு கொண்டு வரணுமா வேணாமா, அதச் சொல்லு."

பக்கத்துக் கட்டில்காரர் கோட்டைப்பட்டினத்துப் படகுக்காரர். கையில் காயம். கட்டு மாற்றப் போயிருந்தார். நான் ரிப்பனை அவிழ்த்து அவர் கட்டிலில் கட்டிவிட்டேன்.

அதன்பிறகு அவர் எழுந்தாலே இரண்டு நர்ஸுகள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"காயம் கையிலம்மா. ஆடுற படகுலயே நிக்கிறவன் நான்."

"இருக்கட்டும்ணே, மெதுவா வாங்க."

கடைசிக் காலத்தில் மனுஷனுக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் பாத்ரூமுக்குப் போக எழுந்தேன். என்னை யாரும் பிடிக்கவில்லை. மூன்றாவது எட்டில் வார்டே சுற்றியது. புருவத்தில் மூன்று தையல்.

பெரிய டாக்டர் வந்து இரண்டு கட்டில்களையும் பார்த்தார். "தலைசுத்தி விழுற ஆளத் தனியா நடக்க விடக்கூடாதுன்னுதானேம்மா இந்த ரிப்பன்? அத நல்லா நடக்குறவருக்குக் கட்டியிருக்கீங்க. சரிப்படாது, நிறுத்திருங்க."

"இவருக்குத்தான் சார் கட்டுனேன்," என்றார் நர்ஸம்மா. சொல்லிவிட்டு ரிப்பனை அவிழ்க்கப் போனார்.

தையல் போட்டதைவிட அது வலித்தது. "நாந்தான் மாத்திக் கட்டுனேன் டாக்டர்," என்றேன்.

படகுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "அடப்பாவி மனுஷா. பாத்ரூம் வாசல் வரைக்கும்ல வந்து காவலுக்கு நின்னுச்சுக."

ரிப்பனை நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து கட்டிலுக்குப் பதிலாக ஆளின் மணிக்கட்டில் கட்டினார்கள். முதலில் எனக்கு. இரட்டை முடிச்சு.