சுற்றி வைத்த குரல்

ஞாயிறு காலை ஆறு நாற்பது. மணமேல்குடியில் வசந்தா அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது — கூடம் முழுக்கப் பழுப்பு நிற நாடா. நாற்காலிக் காலில், மேஜை விளிம்பில், அக்காவின் மடியில்.

பழைய டேப் ரெக்கார்டர் கேசட்டைக் கடித்துவிட்டது. அக்கா பதறிப்போய் இழுத்திருக்கிறார்.

சாதாரணக் கேசட் இல்லை. சவுதியில் வேலை பார்த்த மச்சான் — அக்காவின் கணவர் — பேசி அனுப்பியது. இந்த வீட்டுக்குச் செல்போன் வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அவர் குரல் மிச்சமிருப்பது இதில் மட்டும்தான். பீரோவை ஒழித்தபோது முந்தின நாள்தான் கிடைத்ததாம்.

அக்கா மகள் ரேவதி ப்ளஸ் டூவுக்கு உயிரியல் டீச்சர். கேசட் சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றிக்கொண்டே பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

“இது என்ன பெரிசு மாமா? நம்ம செல் ஒவ்வொண்ணுலயும் டிஎன்ஏ ரெண்டு மீட்டர் நீளம். கண்ணுக்கே தெரியாத எடத்துல அடங்கியிருக்கு. ஹிஸ்டோன்னு ஒரு புரோட்டீன்... அதுதான் உருளை. அது மேல சுத்திச் சுத்தி வச்சிருக்கு.”

“அந்த உருளைய யாரு செய்யிறது?”

“அதுக்கான ஜீனும் அந்த டிஎன்ஏலதான் இருக்கு!”

உருளை செய்யும் விவரம், அந்த உருளையில் சுற்றிய நாடாவிலேயே. எந்த ஆபீஸில் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்திருக்கிறோம்?

“இறுக்கமா சுத்துன எடத்தைப் படிக்க முடியாது மாமா. வேணுங்கிற எடத்த மட்டும் தளத்திப் படிக்கும்.”

அக்கா நிமிர்ந்தார். “ஒங்க அப்பா மூக்கு அப்படியே ஒனக்கு வந்திருக்குல்ல? மூக்கப் பத்திரமா சுத்தி வச்சது, கொரல ஏன்டி வைக்கல?”

டீச்சர் பென்சிலை இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

கேசட்டைப் போட்டோம். கரகரப்பு... பிறகு ஒரு பெண் குரல். இளவயது அக்கா!

“ஆமாங்க, அத்தைக்கு மாத்திரை வாங்கியாச்சுங்க. பாப்பா இப்ப நடக்குதுங்க...”

அப்போதுதான் விளங்கியது. கல்ஃப் வீட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வந்த கேசட்டைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பதிந்து, சவுதிக்குத் திரும்பும் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். புதுக் கேசட் எதற்கு? இதைக் கொண்டுபோக ஆள் கிடைப்பதற்குள் மச்சானே லீவில் வந்துவிட்டார்.

அக்காவின் ஒவ்வொரு பதிலும் மச்சானின் ஒரு கேள்வியை அழித்திருந்தது.

“நானேதானா தம்பி?”

ரேவதி நிறுத்தப் போனாள்.

“ஓடட்டும், விடு.”

அக்கா, மச்சானைவிடக் குறைவாகப் பேசியிருக்கிறார். அக்கா பேச்சு முடிந்து ‘டக்’கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, அழியாமல் மிஞ்சிய கடைசித் துண்டில் ஓர் ஆண் குரல்.

“...அங்கிட்டு மழை பேஞ்சிச்சா?”

“இன்னும் இல்லீங்க,” என்றார் அக்கா.

நாடா முடிந்தது.