வெந்தய வரியனைத் துரத்திய சனிக்கிழமை

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு சீமாட்டி பட்டாம்பூச்சி சேகரித்தாராம். அவர் இறந்ததும், பூச்சி பின்னால் ஓடியவருக்குப் புத்தி தெளிவாக இருந்திருக்காது என்று உறவினர்கள் உயிலையே எதிர்த்தார்களாம். பர் துபாய் வீட்டில் காலை தோசைக்கு நடுவே இதை நான் சொல்ல, என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "உன் உயில்ல என்ன இருக்கு, யாரு கேஸ் போடப் போறாங்க?"

பட்டாம்பூச்சி சேர்த்த அந்தக் காலத்துப் பிரபுக்கள் மேல் எனக்கு ஒரே பைத்தியம். வேலைக்குப் போக வேண்டாதவர்கள். மாளிகை இழுப்பறைகள் நிறையப் பூச்சிகளை ஊசி குத்தி அடுக்கினார்கள். அவர்கள் அனுப்பிய ஆள் ஒருவர், எட்டாத உயரத்தில் பறந்ததைத் துப்பாக்கியால் சுட்டே இறக்கினாராம். நானோ இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவள். என்னிடம் இருந்தது துடைப்பக் கம்பில் கட்டிய மீன்வலை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஹத்தா போகும் சாலையோரம் எருக்கஞ்செடிகளைக் கண்டு கணவரிடம் காரை நிறுத்தச் சொன்னேன். எருக்கு இருந்தால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வரும்: ஆரஞ்சு இறக்கை, கறுப்பு ஓரம், அதில் வெள்ளைப் புள்ளிகள். இருந்தது! ஓடினேன். அது அவசரமே இல்லாமல் மிதந்து போயிற்று. நான் மணலில் செருப்பை விட்டு, முள்மரத்தில் துப்பட்டாவை விட்டு, ஓர் அரபுக் குடும்பம் விரித்திருந்த கம்பளத்தின் நடுவில் போய் நின்றேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் மூச்சுதான் வந்தது. அபாயா அணிந்த வயதான அம்மா ஒருவர், என்ன தேடுகிறாய் என்று இந்தியில் கேட்டார். அவருடைய பேரீச்சம்பழத் தட்டின் விளிம்பைக் காட்டினேன். அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

"அச்சா" என்று என் கையிலிருந்த வலையை வாங்கிக்கொண்டு எழுந்தார். பூச்சி கிளம்பியது. அவரும் கிளம்பினார். பின்னால் அவருடைய மருமகள்கள், அவர்கள் பின்னால் நான். என்னைத் தேடி வந்த கணவரும் "லெஃப்ட்ல போவுது, லெஃப்ட்ல" என்று தமிழில் வழி சொல்லிக்கொண்டே குறுக்கே ஓடிவந்தார். அம்மா ஓங்கி வீசிய வலை நேரே அவர் தலையில் கவிழ்ந்தது.

வலைக்குள்ளிருந்து அவர் நிதானமாகச் சொன்னார்: "மாஃபி."

அரபியில் இல்லை என்ற அந்த ஒரு சொல்லுக்கு மருமகள்கள் மணலிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குக் காபி ஊற்றினார். பிரபுக்களின் கதையைச் சொன்னேன். நீயும் ஊசி குத்துவாயா என்று கேட்டார். பார்த்துவிட்டு விட்டுவிடுவேன் என்றேன்.

"அப்படின்னா யல்லா, போகலாம் வா" என்று பொருள்படும்படி ஏதோ சொல்லி மறுபடி வலையை எடுத்தார்.

மதியத்துக்குள் ஒன்று சிக்கியது. முகத்தை வலையோடு ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே திறந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் கார்ச் சாவியோடு வாசலில் நின்றவர் என் கணவர்தான்.