நான் சந்தேகப்படாத மரம்

கிள்ளானில் எங்கள் கோயில் இளைஞர் பிரிவு, ரவாங் பக்கம் காட்டில் கேம்பிங் போக முடிவு செய்தது. படுப்பதற்குத் துணி ஊஞ்சல்களை மலிவாக நாமே தைத்துக்கொள்ளலாம் என்றாள் பிரிவின் தலைவி கவிதா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

துணிக்கடைக்காரர் பாராசூட் துணியை நான் கேட்ட விலைக்கே கொடுத்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"இதுல ஏதோ கோளாறு இருக்கு," என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா, கடைசி ரோல் லா," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

தைத்ததும் கோயில் மண்டபத் தூண்களில் கட்டி, அன்னதான அரிசி மூட்டைகளை ஏற்றிப் பார்த்தேன். தாங்கியது. அரிசி அசையாமல் கிடக்கும், ஆள் அப்படியா கிடப்பான் என்று அப்போதும் மனசு கேட்கவில்லை.

காட்டில் பிள்ளைகள் காட்டிய மரங்களையெல்லாம் வேண்டாமென்று சொல்லி, பச்சைப்பசேலென்று நின்ற ஒன்றை நானே தேர்ந்தெடுத்தேன். ஊஞ்சலின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைப் பக்கத்து மரத்திலும் கட்டியதும் கவிதா ஏறப் போனாள்.

"முதல்ல எல்லார் பேக்கையும் அதுல போடு," என்றேன்.

"இன்னுமா ஆன்டி சந்தேகம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

கடைசிப் பையைப் போட்டுவிட்டு அவள் விலகியதும் மடாரென்று சத்தம். மரம் முறிந்து பைகளின் மேலேயே விழுந்தது. அது எப்போதோ செத்துப்போன மரம். பச்சையெல்லாம் அதைச் சுற்றிய கொடியின் இலை. ஊஞ்சலில் ஒரு தையல்கூட விடவில்லை.

இப்போது மரத்தை உலுக்கி, அண்ணாந்து பார்த்த பிறகுதான் கயிறு கட்டவிடுகிறேன். பைகளைப் போட்டுப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. கவிதா இப்போது முணுமுணுப்பதில்லை; முதல் பையாக என்னுடையதைப் போடுகிறாள்.