துறையில் உட்கார்ந்திருந்தவர்

என் எழுத்து கோணல். அஞ்சாவதோட நின்ன படிப்பு, பாதி மறதி வேற. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்க பொறுத்துக்கிறீங்க... இந்த வாரமும் மன்னிச்சிடுங்க.

போன வாரம் பொன்னேரி பேங்க்ல கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. "பின்னாடி ஓடுற சர்வீஸ் ஒண்ணு விழுந்துடுச்சு பாட்டிம்மா"ன்னு கவுன்ட்டர் பொண்ணு சொன்னா. நாலு பேர் எதிர்ல நான் பேசவே மாட்டேன். அன்னைக்கு எப்படியோ வாய்ல வந்துடுச்சு — "அதைக் கிளப்பிவிட்டதுக்குத் தகவல் போயிருக்குமேம்மா?"

அந்தப் பொண்ணு சிரிச்சிட்டா. "இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தது?"

என் மக எஸ்தர்தான். வேற யாரு!

எண்பதுகளோட கடைசி. எஸ்தர் மெட்ராஸ்ல ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ்ல சேர்ந்த புதுசு. எங்க பழவேற்காட்டுக் குப்பத்துலேர்ந்து பஸ் பிடிச்சு, பொன்னேரியில ரயில் ஏறிப் போவா. என் வீட்டுக்காரருக்கு அதுக்கு முந்தியே திருக்கை மீனோட முள்ளு குத்தி ஒரு கால் போச்சு. ஏரியில இறங்க முடியாது. படகுத்துறையில உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயித்துக்கிழமை என் நாத்தனா வந்தா. "இன்னாடி வேலை உனக்கு அங்க?"

"பின்னாடி இருக்கிற புரோகிராமுங்களைப் பார்த்துக்கணும் அத்தை. அதுங்க திரையில தெரியாது. யாராவது கேட்டாத்தான் வேலை செய்யும், மத்த நேரம் தூங்கும்."

"ஐய! அப்பன் துறையில சும்மா குந்தினுகீறான். பொண்ணு, தூங்குறதுக்குக் காவலா?"

வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போச்சு. "நாளையிலேர்ந்து ரயில் ஏற வேணாம்"னுட்டார்.

அந்த வேலைக்காக அவ எவ்ளோ படிச்சா! ஆனா நான் எங்க வாயைத் திறந்தேன்?

எஸ்தர் அழல. அவர் பக்கத்துல போய் உட்கார்ந்தா.

"நைனா, இறால் படகு வந்து குரல் குடுத்தா இன்னா பண்ணுவே?"

"எடை போடுறவனை எழுப்பி அனுப்புவேன்."

"நண்டு வந்தா?"

"நண்டு வாங்குறவளை."

"படகுல ஓட்டைன்னா?"

"ஆசாரியை. இன்னாத்துக்குக் கேக்குற?"

"அவங்கல்லாம் நாள் முழுக்கத் துறையிலயே நிக்கிறாங்களா?"

"எதுக்கு நிக்கணும்? அதான் நான் காது குடுத்துனுகீறேனே!"

"எங்க மெஷின்லயும் அப்படி ஒண்ணு இருக்கு நைனா. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல். எந்த வாசல்ல குரல் வருதுன்னு அது ஒண்ணே கேட்டுனே இருக்கும். குரல் வந்தா அதுக்கான ஆளைக் கிளப்பி, பேச்சை அவன் கையில குடுத்துட்டு, மறுபடி காது குடுக்கும். வேலை முடிஞ்சதும் அவன் போயிடுவான். இது மட்டும் போகாது. இது இல்லேன்னா வாசல்ல வந்தவன் கத்தினே கிடக்கணும்."

அவர் இன்னும் கிட்ட நகர்ந்தார். அப்புறம் மெதுவா, "அனுப்பின ஆளு பாதியில செத்துட்டா?"

"கிளப்பிவிட்டதுக்குத் தகவல் வரும்."

"சரி... அதையே யாரு கிளப்புறது?"

"மெஷின் முழிச்சதும் முதல்ல எழுந்துக்கிறது ஒண்ணு இருக்கு. அதோட நம்பரே ஒண்ணுதான். மத்ததெல்லாம் அதோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. அது படுத்தா மெஷினே படுத்துடும்." சொல்லிட்டு, அடுப்படியில இருந்த என்னைப் பார்த்தா.

வீட்டுக்காரர் தங்கச்சி பக்கம் திரும்பினார். "கேட்டியா? சும்மா குந்தினு இல்லியாம்!"

மறுநாள் நொண்டிக்கிட்டே வந்து அவரே எஸ்தரை பஸ் ஏத்திவிட்டார். துறையில யார் கேட்டாலும், "எம் பொண்ணு வேலையும் என் வேலையும் ஒண்ணு"ன்னு சொல்லுவார். கூடையைத் தூக்குறவனைத்தான் ஊரு பார்க்கும். குரலுக்குக் காது குடுக்கிறவனை யாரு பார்க்கிறா?

ஒரு சந்தேகம். சொல்லிட்டு என்னைப் பார்த்தாளே, அந்த நம்பர், ஒண்ணுதானே? கம்ப்யூட்டர் படிச்சவங்க யாராவது சரிபார்த்துச் சொல்லுங்க.

ஒண்ணு இல்லேன்னா... சொல்லவே வேணாம்.