பெரிய டயரும் ஒரு படகும்

போன ஐப்பசியில் திருவிடந்தை கடற்கரையில் நடந்தது இது. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். லாரி கிளீனர், இறால் பண்ணைக் காவல் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, அதிலேயே தூங்கி எழுந்துகொண்டிருந்தேன். மாமல்லபுரம் பக்கம் சுற்றுலா வருகிறவர்களை மணலில் ஓட்டிக் காட்டுவதுதான் பிழைப்பு. பார்க்க மிரட்டலாக இருக்கட்டும் என்று அப்போதுதான் கிட்டத்தட்ட இடுப்பு உயரத்துக்கு டயர் மாட்டியிருந்தேன்.

அன்று மதியம் கடல் பொங்க ஆரம்பித்தது. படகுகளை மேட்டுக்கு இழுக்கும் டிராக்டர் பழுதாகிக் கிடந்ததால், ஆட்களே தோள் கொடுத்து ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஒரு படகு பாக்கி. நானாகப் போய், நான் இழுக்கிறேன் என்று கயிற்றைக் கட்டச் சொன்னேன்.

அங்கே வண்டி இழுத்தாலும் படகை யாரும் கைவிடுவதில்லை. இரண்டு பக்கமும் தோளை முட்டுக்கொடுத்தபடி கூடவே நடப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் ஜீப் தனியாக இழுப்பதை ஊரே பார்க்க வேண்டும்.

"கைய எடுங்கப்பா, வண்டி பாத்துக்கும்."

படகுக்காரர் தயங்கினார். "வாணாம் அண்ணாத்த, அலை இஸ்துகினு பூடும்."

"டயரப் பாத்தியா இல்லியா?" என்றேன். சிரித்துவிட்டு விலகினார்கள்.

பாதி மேட்டில் சக்கரம் மணலில் சுழன்றது. முடுக்கினேன். படகு சறுக்கி ஏறப் போட்டிருந்த கட்டை ஒன்றில் டயர் சட்டென்று பிடித்தது. கீழே டக்கென்று ஒரு சத்தம். இவ்வளவு பெரிய சக்கரத்தைப் பழைய ஆக்ஸில் தாங்காது, அதையும் மாற்று என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். வெளியே தெரியாத சாமான்தானே என்று விட்டிருந்தேன். ஆக்ஸில் முறிந்து பின்சக்கரம் கழன்றது. படகின் பாரம் ஜீப்பையும் சேர்த்துக் கீழே இழுத்தது. தாங்க ஒரு தோள்கூட இல்லாத படகு அலையில் குறுக்காகத் திரும்பியது.

இரண்டு பக்கமும் ஏற்றி வைத்த படகுகள். நடுவழியை அடைத்துக்கொண்டு என் ஜீப். அதை நகர்த்தாமல் படகை ஏற்ற முடியாது. "இப்ப கைய வெக்கலாமா அண்ணாத்த?" என்று கேட்டபடி ஒருவர் குனிந்தார். எல்லோரும் சேர்ந்து ஜீப்பைத் தூக்கி ஓரம் வைத்தார்கள். அதற்குள் அலை அடித்து அடித்துப் படகின் ஒரு பக்கம் பிளந்துவிட்டது.

படகுக்காரர் பிளந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "உனக்கு எங்கனா அடிபட்ச்சா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று எனக்குச் சோறு வந்ததும் அவர் வீட்டிலிருந்துதான். பசி, சாப்பிட்டேன். படகு சரியாகும்வரை அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார்.

என் பேச்சை நம்பி யாராவது ஒரு வேலையிலிருந்து கையை எடுத்தால், இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.